இரண்டு வக்கீலுக்கு ஒரே கழுத்துப்பட்டை

போன மழைக்காலத்தில், பெங்களூரு சிவில் கோர்ட்டில் நடந்தது இது. அப்போது நான் ஒரு சீனியரிடம் ஜூனியராக இருந்தேன். தொம்மலூரில் வீடு, தூக்கம்தான் எந்த ஊரில் என்று தெரியவில்லை. காலையிலிருந்து யாராவது யாரிடமாவது கத்திக்கொண்டே இருக்கும் இந்தத் தொழில் நமக்கு ஒத்துவராது, விட்டுவிடலாம் என்று முடிவே செய்திருந்தேன்.

அன்று மதியம் சீனியர் ஹைகோர்ட்டில் மாட்டிக்கொண்டார். "நீயே ஆர்க்யூ பண்ணிடும்மா" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார். தனியாக வாதாடுவது அதுதான் முதல் முறை. கட்சிக்காரர், பொம்மசந்திராவில் ஃபேக்டரி ஆட்களுக்கு மெஸ் நடத்தும் ஒரு அக்கா. கட்டட உரிமையாளர் மறுநாளே பூட்டுப் போடுவதாக மிரட்டியிருந்தார். இடைக்காலத் தடை கிடைக்காவிட்டால் அக்காவின் பிழைப்பே போய்விடும்.

பதற்றத்தில் அள்ளிப்போட்டுச் சாப்பிட்டதில், வக்கீல்கள் கழுத்தில் கட்டும் வெள்ளைப் பட்டையில் சாம்பாரைக் கொட்டிக்கொண்டேன். அலசி, பெண் வக்கீல்கள் அறையில் காயப்போட்டேன். வழக்கைக் கூப்பிட்ட பிறகுதான் கழுத்தைத் தொட்டுப் பார்க்கிறேன், வெறும் கழுத்து! பட்டை கட்டாமல் எழுந்து பேசக் கூடாது. கடன் கேட்கலாம் என்றால் ஹாலில் எதிர்த்தரப்பு வக்கீலைத் தவிர வேறு வக்கீலே இல்லை.

அவரே தன் பட்டையைக் கழற்றி, "தகொளம்மா", எடுத்துக்கோ என்று கன்னடத்தில் சொல்லி நீட்டினார். வாங்கிக் கட்டிக்கொண்டு பேசினேன் என்பதைவிட உளறினேன் என்பதுதான் சரி. அவர் முறை வந்ததும் கழற்றிக் கொடுத்தேன். கட்டிக்கொண்டு என் வாதத்தைப் பிரித்து மேய்ந்துவிட்டார் மனுஷன், துளி இரக்கம் இல்லை! இதற்கு என்ன பதில் என்று நீதிபதி என்னைக் கேட்டார். பட்டை மறுபடியும் என் கைக்கு வந்தது.

நீதிபதி கண்ணாடியை இறக்கி எங்களைப் பார்த்தார். "இப்பரிகூ ஒந்தேனா?" இரண்டு பேருக்கும் ஒன்றுதானா என்று அவர் கன்னடத்தில் கேட்டதும், எப்போதும் கடுகடுவென்று இருக்கும் கிளார்க்கே சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். எப்படியோ அதோடு பதற்றமும் போய்விட்டது. மீதியை நிதானமாக எடுத்துச் சொன்னேன். அடுத்த வாய்தா வரை மெஸ்ஸைப் பூட்டக் கூடாது என்று உத்தரவு வந்தது.

வெளியே வந்தால் அக்கா முகத்தில் சந்தோஷமே இல்லை.

"ஏம்மா, அவரு எதிரி வக்கீல்தானே? உனக்கு எதுக்கு அத்தக் கழட்டிக் குடுத்தாரு? ரெண்டு பேரும் கூட்டா?"

அந்தப் பக்கம் கட்டட உரிமையாளரும் தன் வக்கீலை நிறுத்தி வைத்து இதையேதான் விசாரித்துக்கொண்டிருந்தார். பாவம், அந்த வக்கீல் கையை ஆட்டி ஆட்டி விளக்கிக்கொண்டிருந்தார்.

"கூட்டா இருந்தா நாளைக்கு உங்க மெஸ் நடக்குமாக்கா?" என்றேன்.

அக்கா அந்த வக்கீலைத் திரும்பிப் பார்த்தார். "அதுவும் சரிதான். அந்த மனுஷன் சாப்பிட்டாரான்னு கேளு, பாவம்."

என்னைத் தோற்கடிக்க வந்தவர், முதலில் நான் எழுந்து நின்று பேச வேண்டும் என்று நினைத்தார். இன்றும் கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு நான் உற்சாகமாகக் கிளம்புகிறேன் என்றால் அதனால்தான்.