தீவில் ஞாயிற்றுக்கிழமை இல்லை

பவளப் பாறையை நான்காம் பீரியடுக்குத் தள்ளினால் கண்ணாடித் தரைப் படகு வந்து இடித்தது. படகை மூன்றாவதில் வைத்தால் சிப்பி பொறுக்க இடமில்லை. அவள் ரப்பரை எடுத்துச் சிப்பியை அழித்தாள். சிப்பி எங்கே ஓடிவிடப் போகிறது? செவ்வாய்க்கிழமை பொறுக்கிக்கொள்ளலாம்.

ஆசிரியர் அறையில் அவளுக்கு அது ஓய்வு நேரம். மேஜையில் எட்டாம் வகுப்புக் கணக்கு நோட்டுகள் திருத்தாமல் கிடந்தன. அவற்றின் மேல் ஒரு தாளில் தீவு விரிந்திருந்தது. குறுக்கே எட்டு பீரியட், கீழே வரிசையாக நாட்கள். சிவப்புப் பென்சில் மகள், பச்சை அவள், நீலம் கணவர்.

பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பெயரே டைம்டேபிள் டீச்சர்தான். இருபத்தாறு வகுப்புகளும் நாற்பத்திரண்டு ஆசிரியர்களும் ஒருவரோடு ஒருவர் முட்டிக்கொள்ளாமல் இருபத்தொரு வருடமாக ஓடுவது அவள் போடும் கட்டங்களால். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. அதற்குக் கொடுத்த விலைதான் அதிகம். மணி அடித்தால்தான் பசிக்கும் என்கிற நிலைக்கு வயிறு வந்துவிட்டது. சொந்தக்காரர்கள் வீட்டுக்கு வந்து நாற்பது நிமிடம் ஆனதும் கால் தானாக வாசல் பக்கம் திரும்பும், அடுத்த பீரியட் டீச்சர் வெளியே காத்திருப்பதுபோல.

மகள் வேறு ஊரில் நர்ஸ். இரண்டு வருடம் கழித்து அவளுக்கு ஆறு நாள் விடுப்பு கிடைத்திருந்தது. தீவுக்குப் போகலாம் என்றதும் போனில் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"அம்மா, வருஷம் முழுக்க எனக்கு டியூட்டி சார்ட்தான். இந்த ஆறு நாள் யாரும் என்னை எங்கேயும் போடக்கூடாது. நீ ஒரு கோடு போட்டேன்னு தெரிஞ்சாலும் நான் வரமாட்டேன், சொல்லிட்டேன்."

"நான் ஏன்டி போடப்போறேன்?"

அதைச் சொல்லும்போதே கையில் ஸ்கேல் இருந்தது. போனில் கை தெரியாதது நல்லதாகப் போயிற்று.

இப்போது அதே ஸ்கேலோடு செவ்வாய்க்கிழமையை முடித்துக்கொண்டிருந்தபோது, விளையாட்டு சொல்லிக்கொடுக்கும் பி.டி. மாஸ்டர் டீ டம்ளரோடு முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார்.

"என்ன டீச்சர், அடுத்த வருஷத்துதா?"

"இல்ல மாஸ்டர். நாளன்னைக்குத் தீவுக்குப் போறோம்ல, அது."

அவர் சத்தமாகப் படித்தார். "'மணலில் சும்மா உட்காருதல், இரண்டு பீரியட்.' சும்மா உட்கார்றதுக்கு ரெண்டு பீரியடா?"

"உட்கார்ந்து பழகவே ஒரு பீரியட் போயிடும் மாஸ்டர்."

"'மழை வந்தால் மாற்று ஏற்பாடு: நீச்சல்.'"

"எப்படியும் நனையத்தானே போறோம்."

"'சூரியன் மறைதல், மேற்பார்வை அப்பா.' ஏன் டீச்சர், உங்க வீட்டுக்காரர் பாக்கலேன்னா அது மறையாதா?"

மூலையில் இருந்த ஓவிய டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டாள். மாஸ்டரின் விரல் நாட்களின் மேல் இறங்கியது. வியாழன், வெள்ளி, சனி, திங்கள், செவ்வாய். திரும்ப மேலே போய் மறுபடி இறங்கியது.

"டீச்சர், இந்தத் தீவுல ஞாயித்துக்கிழமையே கிடையாதா?"

அறையே சிரித்தது. அவளும் சிரித்தாள். பாதிச் சிரிப்பில்தான் அது மண்டையில் ஏறியது. இருபத்தொரு வருடமாக அவள் தாளில் சனி முடிந்தால் அடுத்தது திங்கள். ஞாயிறு தாளுக்கு வெளியே எங்கேயோ நடக்கிற சமாச்சாரம். சரி, தாளில் விட்டுப்போனால் தாளில் எழுதிக்கொள்ளலாம். ஆனால் விடுதிக்கு அறை கேட்டுக் கடிதம் எழுதியதும் இந்தத் தாளைப் பார்த்துத்தான்.

வராந்தாவுக்கு ஓடிப்போய்ப் போன் செய்தாள். விடுதிக்காரம்மா நிதானமானவள்.

"ஆமாம்மா. வியாழன், வெள்ளி, சனி ராத்திரி. அப்புறம் திங்கள் ராத்திரி. நீங்கதானே எழுதினீங்க?"

"ஞாயித்துக்கிழமை ராத்திரி?"

"அதை நீங்கதான் சொல்லணும். பக்கத்துத் தீவுக்குப் போயிட்டு வருவீங்கன்னு நினைச்சேன்."

"அதையும் சேர்த்துக் குடுத்துடுங்களேன்."

"முக்குளிக்கிற கிளப்காரங்க அன்னைக்கு மொத்தமா எடுத்துட்டாங்களேம்மா. இங்க இருக்கறதே மூணு விடுதி. மூணுலயும் அவங்கதான்."

மணி அடித்தது. அவள் எட்டாம் வகுப்புக்குப் போய், ஒரு வாரத்துக்கு எத்தனை நாள் என்று தொடங்கும் ஒரு கணக்கை நடத்தினாள். அன்றைக்கென்று அந்தக் கணக்குதான் வந்து வாய்க்க வேண்டுமா?

மகள் புதன்கிழமை வார ஓய்வையும் சேர்த்துக்கொண்டு அன்று மாலையே வருகிறாள். அறை இல்லை என்று சொன்னால் ஏன் என்பாள். ஏன் என்று சொன்னால் தாள் வெளியே வரும். தாள் வெளியே வந்தால் அவள் வரமாட்டாள். பள்ளி விட்டதும் கணவரின் மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போனாள். அவர் ஒரு பிரேமுக்குத் திருகாணி முடுக்கிக்கொண்டிருந்தார். கதையைக் கேட்டுச் சிரித்த சிரிப்பில் திருகாணி கீழே விழுந்துவிட்டது. இருவரும் தரையில் குனிந்து தேடினார்கள்.

"பேசாம பக்கத்துத் தீவுக்குப் போறோம்னு சொல்லிடேன்" என்றார் மேஜைக்கு அடியிலிருந்து.

"அங்க எங்க தங்கறது, எத்தனை மணிக்குப் படகு, எப்ப திரும்பறது? அதுக்கு ஒரு தாள் போடணும்ங்க."

"அப்ப உண்மையைச் சொல்லிடு. அதுக்குத் தாள் வேண்டாம்."

மகள் வந்ததும் பையைக்கூடத் திறக்காமல் நாற்காலியில் சரிந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. அம்மா கடையிலிருந்து வரும் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தாள்: முதலில் சாப்பாடு, பிறகு பொதுவாக மறதியைப் பற்றி நாலு வார்த்தை, அதற்குப் பிறகு ஞாயிறு. வாயைத் திறந்தாள்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"கோடு போட்டுட்டியா?"

"ம்."

"காட்டு."

மகள் தாளை வாங்கி, நோயாளியின் சார்ட்டைப் பார்ப்பதுபோல மேலிருந்து கீழே, முகத்தில் ஒன்றும் காட்டாமல் பார்த்தாள். அப்பா சுத்தமாக இருந்த கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஞாயித்துக்கிழமை எங்க?"

"மறந்துட்டேன். ரூமும் போடல."

"ஞாயித்துக்கிழமையையா மறந்தே?"

"ஸ்கூல்ல அது இல்லையேடி."

மகளின் உதடு ஒரு பக்கம் கொஞ்சம் இழுத்தது. சிரித்துவிட்டால் பிழைத்தோம் என்று அம்மா நினைத்தாள். மகள் சிரிக்கவில்லை.

"சிவப்பு நானா?"

"ஆமா."

"பச்சை நீ. சிவப்பு இருக்கற கட்டத்துல எல்லாம் பச்சை இருக்கு. அப்பாவாவது நாலு கட்டத்துல தனியா இருக்கார். பவளப் பாறைக்குத் தண்ணிக்குள்ள இறங்கணும்மா. உனக்கு நீச்சல் தெரியாதே?"

"கத்துக்கலாம்னு."

"எப்ப?"

"வெள்ளிக்கிழமை ரெண்டாவது பீரியட்."

அப்பாவால் அடக்க முடியவில்லை. எழுந்து சமையலறைக்குப் போய்ச் சிரித்தார்.

"எதுக்கும்மா எல்லாத்துலயும் கூடவே?"

"ரெண்டு வருஷமாச்சு. இல்லன்னா உன்னை எப்பத்தான் பாக்கறது?"

மகள் தாளை மேஜையில் வைத்தாள்.

"நான் தூங்கணும்மா. கடல் சத்தத்துல தூங்கலாம்னுதான் வர்றேன்னே சொன்னேன்."

"தூங்கேன். நான் வேண்டாம்னேனா?"

"இதுல எந்தக் கட்டத்துல?"

அம்மா தாளைப் பார்த்தாள். நாற்பது கட்டம். பாறை, படகு, நீச்சல், மணல், சூரியன். தூக்கம் எதிலும் இல்லை. சாப்பாடுகூட இடைவேளையில்தான் இருந்தது.

"ஞாயித்துக்கிழமை காலை வரைக்கும் வர்றேன்" என்றாள் மகள். "அன்னைக்கே திரும்பிடலாம். மிச்ச ரெண்டு நாள் இங்கேயே என் ரூம்ல படுத்துக்கறேன். அங்க இருக்கற வரைக்கும் எழுந்ததுக்கு அப்புறம்தான் என்ன செய்யறதுன்னு பேசணும். சரியா?"

"சரி."

ஒரு ஞாயிற்றுக்கிழமையை மறந்ததற்கு மூன்று நாள் பிடித்துக்கொண்டாயிற்று. சம்பளத்தில்கூட இப்படிப் பிடிக்கமாட்டார்கள். மகள் தாளை நாலாக மடித்து மேஜையின் ஆடும் காலுக்கு அடியில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். மேஜை ஆடவில்லை. தாள் எதற்காவது உதவியதே என்று அம்மாவுக்கு அல்பமாக ஒரு சந்தோஷம் வந்தது.

மறுநாள் புதன்கிழமை. அவள் ஐந்து வகுப்பு எடுத்தாள். விடுதிக்குப் போன் செய்து திங்கள் இரவு வேண்டாம் என்றாள். முக்குளிக்கிறவர்கள் கேட்டிருந்ததாக விடுதிக்காரம்மா சொன்னாள். கணவர் மதியம் கடையைப் பூட்டிவிட்டுப் படகுத் துறைக்குப் போய்த் திரும்பும் டிக்கெட்டை மாற்றினார். மகள் பதினொன்றரைக்கு எழுந்து, ரொட்டி தின்று, மறுபடி படுத்தாள். ஞாயிறே திரும்புகிறவளுக்குத் திங்களும் செவ்வாயும் எதற்கு விடுப்பு என்று தலைமையாசிரியை கேட்டார். வேண்டும் என்றாள் டீச்சர். விண்ணப்பத்தில் காரணம் என்ற இடத்தில் ஒன்றும் எழுதவில்லை. நாலரைக்கு வீட்டுக்கு வந்தாள். மகள் தூங்கிக்கொண்டிருந்தாள்.