இரண்டாவது காது

வலது காதை விற்பவரின் வாயருகே கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறார் தரகர். எவ்வளவுக்குக் கீழே கட்டாது என்று அந்தக் காதில் மட்டும் சொல்ல வேண்டும். பிறகு பின்னறையில் காத்திருக்கும் வாங்குபவரிடம் போய் அதே காதை நீட்டுவார். எவ்வளவுக்கு மேலே முடியாது என்பதைக் கேட்டுக்கொள்ள. வாங்குபவரின் தொகை கூடுதலாக இருந்தால், இரண்டுக்கும் நட்டநடுவே விலை. குறைவென்றால் வியாபாரமே இல்லை. மறுபடி கேட்கவும் மாட்டார். பழைய கடைச் சாமான்களுக்குத் தரகு பார்க்கும் இவரை, கடைத்தெருவே 'காதுக்காரர்' என்றுதான் கூப்பிடுகிறது.

"வாய்விட்டுப் பேரம் பேசினா கத்துறவன் ஜெயிப்பான். என்கிட்ட கூச்சப்படுறவனுக்கும் அதே பங்கு" என்பார்.

இடது காது?

"அது வீட்டுக்காரிக்கு. அதுல ஒரே விஷயத்தை நூறு தடவை சொல்லலாம்."

அதைச் சொல்லும்போது மனிதர் முகத்தில் அப்படியொரு நிறைவு. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

நான் போன அன்று ஒரு பழைய பேக்கரி அடுப்பு விலைக்கு வந்திருந்தது. கடையை மூடிவிட்ட பேக்கரிக்காரர் முன்னறையில். வீட்டில் பிஸ்கட் போட்டுக் கடைகளுக்குக் கொடுக்கும் பெண் பின்னறையில்; அவளுடைய அடுப்பு புகைந்து அடங்கிவிட்டது.

இருவரிடமும் கேட்டு முடித்துத் தரகர் உதட்டைப் பிதுக்கினார். "சேரலை."

அவள் ஓடிவந்தாள். "கொஞ்சம் குறைச்சுச் சொல்லிட்டேன் அண்ணே. இன்னொரு தடவை கேளுங்களேன்."

"நானும் ஏத்தித்தான் சொன்னேன்" என்றார் பேக்கரிக்காரர், தரையைப் பார்த்துக்கொண்டு.

"அவருக்கு அது இனிமே பழைய இரும்பு. உனக்குப் பொழப்பு. நடுவுல இருக்குற லாபம் ரெண்டு பேருக்குமே தாராளமாப் போதும். ஆளாளுக்கு இழுத்துக் கெடுத்துட்டீங்க. இன்னிக்குத் திருப்பிக் கேட்டா, நாளைக்கு எவன் உண்மையைச் சொல்லுவான்? இந்தக் காது கேட்டது கேட்டதுதான்."

அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். "அடுப்பு இல்லேன்னா தொழிலை விட்டுட வேண்டியதுதான் அண்ணே."

தரகர் வாசலுக்குப் போனார். தெருவை எட்டிப் பார்த்தார். கதவை ஒருக்களித்துச் சாத்தினார். "எங்க வீட்டுல சொல்லிடாதீங்க" என்றார் என்னிடம்.

பிறகு அவள் பக்கம் குனிந்து, தலையைத் திருப்பி, இடது காதைக் கொடுத்தார்.