அவள் சொன்ன இரண்டாம் பாதி

என் மனைவிக்கு உலகம் அழிந்த கதைகள் பிடிக்கும். கல்யாணத்துக்கு முன்பே அது எனக்குத் தெரியும். தொழிற்பேட்டையில் என் கம்பெனிக்கும் அவள் கம்பெனிக்கும் ஆள் ஏற்றுவது ஒரே பஸ். மற்றவர்கள் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு தூங்கிவிடுவார்கள். அவள் மட்டும் தடித்த ஆங்கிலப் புத்தகம் ஒன்றை மடியில் விரித்து வைத்திருப்பாள். ஒருநாள் பக்கத்து இடம் கிடைத்தது. என்ன கதை என்று கேட்டேன்.

"உலகத்துல எல்லாரும் செத்துட்டாங்க. ஒருத்தன் மட்டும் இருக்கான்."

"எல்லாரும் செத்துட்டா அப்புறம் என்ன கதை இருக்கு?"

"அப்புறந்தாங்க கதையே" என்றாள்.

நான் அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஐடிஐ முடித்துவிட்டு ஓசூருக்கு வந்தவன். எனக்குத் தெரிந்த ஆங்கிலம் டிராயிங் தாளில் இருக்கிற ஆங்கிலம்தான். அவள் கர்நாடக எல்லையோரத் தளி ஊர்க்காரி. வீட்டில் கன்னடம், பள்ளியில் தமிழ், கதைப் புத்தகம் படித்ததெல்லாம் ஆங்கிலம். பெங்களூரில் பழைய புத்தகக் கடைகளைத் தேடிப்போய் வாங்கி வருவாள். அணுகுண்டு விழுந்த கதை, கொள்ளைநோய் வந்த கதை, கடல் ஏறி ஊரை விழுங்கிய கதை. எல்லாம் அவள் பிறப்பதற்கு முன்னால் எழுதப்பட்டவை. கல்யாணமாகி மூக்கண்டப்பள்ளியில் வீடு பார்த்தபோது அவள் கொண்டுவந்த சாமான்களில் பாதி புத்தகம்தான். வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்துவிட்டு, டீச்சரா என்று கேட்டார்.

அந்தப் பழைய நாவல்களை ஒவ்வொன்றாகப் படமாகவும் தொடராகவும் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்ட கையோடு லேப்டாப்பைக் கட்டிலில் வைத்து உட்கார்ந்துவிடுவோம். அதற்கு முந்தைய நாட்களிலேயே நாவலின் கதையை முழுக்க எனக்குச் சொல்லி முடித்திருப்பாள். ஒன்றைக்கூட விடமாட்டாள், ஒன்றையும் சேர்க்கமாட்டாள். பிறகு படத்தைப் பார்த்து எங்கெங்கே மாற்றியிருக்கிறார்கள் என்று நான் கண்டுபிடிக்க வேண்டும். அதுதான் எங்கள் விளையாட்டு.

மாற்றாத படமே கிடையாது. நாவலில் தனியாக அலைகிறவனுக்குப் படத்தில் ஒரு பெண் துணை வந்துவிடும். மருந்தே இல்லாத நோய்க்குக் கடைசிப் பத்து நிமிடத்தில் ஒரு குப்பி மருந்து கிடைத்துவிடும். அவள் தலையணையை எடுத்துத் திரையின் மேல் வீசுவாள்.

"தனியா இருக்கிறவன எப்படிக் காட்டறதுன்னு தெரியல ரீ இவங்களுக்கு. அதான் கையில துப்பாக்கியக் குடுத்துடறாங்க."

'ரீ' என்பது கன்னட வீட்டுப் பெண்கள் கணவனைக் கூப்பிடுவது. எங்கள் ஊரிலிருந்து வந்த என் அம்மாவுக்கு அது கடைசிவரை பழகவில்லை.

"விடு புள்ள, படம்னா நாலு பேரு பாக்கணும்ல. எல்லாரும் செத்துட்டே இருந்தா எவன் பாப்பான்?" என்பேன்.

"செத்தவன சாகவிடணும். எழுதினவன் அழுதுட்டே எழுதியிருப்பான். இவங்க யாரு அத மாத்தறதுக்கு?" உண்மையாகவே கோபப்படுவாள். பிறகு கொஞ்ச நேரம் கழித்து, "உலகம் அழிஞ்சப்புறம் அவங்க என்ன சமைச்சாங்கன்னு ஒரு படத்துலயாவது காட்டறாங்களா பாருங்க" என்று சிரிப்பாள்.

ஒரு நாவல் மட்டும் அவளுக்கு மற்ற எல்லாவற்றையும்விட உசத்தி. பெயர் வேண்டாம். கல்லூரியில் படிக்கும்போது வாங்கியது, அட்டை பிய்ந்து செல்லோ டேப் ஒட்டியது. அந்தக் கதையை மட்டும் அவள் எனக்குச் சொன்னதில்லை. யாராவது படமாக எடுக்கட்டும், அப்போது சொல்கிறேன் என்பாள்.

கல்யாணமாகி ஆறேழு வருஷம் ஓடியிருக்கும். அவளுக்கு அடிக்கடி காய்ச்சல் வந்தது, உடம்பில் அடிபடாமலே நீலம் பூத்தது. ஓசூரில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு உடனே பெங்களூருக்குப் போகச் சொன்னார்கள். ரத்தத்தில் வருகிற புற்றுநோய் என்று அங்கே தெரிந்தது.

அதன்பின் வாரா வாரம் பெங்களூர். ஓசூர் பஸ் நிலையத்தில் ஏறி, அத்திப்பள்ளி தாண்டி, லாரிகளுக்கு நடுவில் ஊர்ந்து போக வேண்டும். திரும்பி வரும்போது அவளால் தலையை நிமிர்த்தி உட்கார முடியாது. என் தோளில் சாய்ந்துகொள்வாள். வாந்தி வந்தால் பிடிக்க மடியில் ஒரு பிளாஸ்டிக் கவர் வைத்திருப்பேன். ஆனால் போகும்போது தெம்பாக இருப்பாள். அப்படிப் போகும்போது ஒருநாள் நான்தான் கேட்டேன், அந்தக் கதையைச் சொல் என்று. அவள் பேசினால் எனக்குப் பயம் குறையும். வேறு காரணம் இல்லை.

சொல்ல ஆரம்பித்தாள். மலையுச்சியில் வானிலை பார்க்கும் நிலையம் ஒன்று. அங்கே ஒரு கணவன், மனைவி. கீழே உலகத்தில் என்னவோ நடந்துவிடுகிறது. ரேடியோவில் பேச்சு நின்றுபோகிறது. வானம் சாம்பல் நிறமாகிறது. வெயிலே வருவதில்லை. இருந்த சாப்பாடு தீர்ந்ததும் ஒரு பை விதையை எடுத்துக்கொண்டு இருவரும் கீழே இறங்குகிறார்கள். எங்கேயாவது ஒரு துண்டு நிலத்தில் விதை முளைக்குமா என்று பார்த்துக்கொண்டே நடக்கிறார்கள்.

வாரம் ஒரு துண்டு கதை. கதையின் நடுவில் அந்த மனைவிக்குக் காய்ச்சல் கண்டது. ஆளில்லாத ரயில் நிலையத்தில், பயணிகள் உட்காரும் அறையில் அவளைப் படுக்க வைத்துவிட்டு அவன் தண்ணீர் தேடிப் போகிறான். திரும்பி வரும்போது அவள் கண் திறக்கவில்லை. எங்கள் பஸ் அத்திப்பள்ளியில் நின்றிருந்தது. முன்னால் எங்கும் லாரி. என் மனைவி துப்பட்டாவைத் தலையில் இறுக்கிக் கட்டியிருந்தாள், முடியெல்லாம் போயிருந்தது.

"செத்துருவாளா?" என்று கேட்டேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பினாள். பஸ் நகர ஆரம்பித்த பிறகுதான் பேசினாள்.

"இல்ல. விடியறப்ப காய்ச்சல் விட்டுடுச்சு. எழுந்து உக்காந்து, தண்ணி எங்கன்னு கேட்டா."

"நல்ல வேளை" என்றேன். சத்தமாகச் சொல்லிவிட்டேன்போல, முன் இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார். அவள் சிரித்து என் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

அதற்கப்புறம் கதை வேகம் பிடித்தது. இருவரும் ஒரு பள்ளத்தாக்கைக் கண்டுபிடித்தார்கள். அங்கே லேசாக வெயில் விழுந்தது. எதை முதலில் விதைப்பது என்று சண்டை போட்டார்கள். அவன் கோதுமை என்றான், அவள் அவரை என்றாள், அவள்தான் ஜெயித்தாள். அவரைக்குப் பந்தல் போட்டது, முள்ளங்கி பிடுங்கியது, நாய் ஒன்று தானாக வந்து ஒட்டிக்கொண்டது, அவன் மீசையை அவள் கத்தரித்துக் கோணலாக்கியது எல்லாம் சொன்னாள். பனி விழுந்தால்தான் அவரைக்காய்க்கு மணம் ஏறும் என்று அந்த மனைவி சொல்வதாக ஒரு இடம் வந்தது.

"இதெல்லாமா இங்கிலீஷ்காரன் எழுதியிருக்கான்?"

"எழுதியிருக்கான். சும்னிரி, கேளுங்க."

சும்மா இருந்து கேட்டேன். அவள் வீட்டுக் கொல்லையில் மார்கழிக் காலையில் வருகிற அதே மணத்தைப் பற்றி யாரோ ஒரு வெள்ளைக்காரர் எப்படி எழுதினார் என்று ஆச்சரியப்பட்டேனே தவிர, வேறொன்றும் எனக்குத் தோன்றவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அதே நாவலைத் தொடராக எடுக்கிறார்கள் என்று போனில் செய்தி வந்தது. துள்ளிக் குதிப்பாள் என்று நினைத்து நீட்டினேன். அவள் படித்துவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"வந்தா நீங்க பாக்காதீங்க ரீ."

"ஏன்?"

"கெடுத்து வெச்சிருப்பாங்க."

நாம் சேர்ந்தே பார்த்துத் திட்டுவோம் என்றேன்.

கடைசியாக பஸ்ஸில் போன அன்று கதையில் ஒரு புது விஷயம் வந்தது. இருவரும் பந்தலுக்குக் கீழே உட்கார்ந்திருக்கும்போது, மேட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு மனிதக் குரல் கேட்கிறது. இத்தனை வருஷத்தில் முதல் குரல். அதற்குள் ஆஸ்பத்திரி நிறுத்தம் வந்துவிட்டது. அடுத்த வாரம் பார்ப்போம் என்றாள். அடுத்த தடவை ஆம்புலன்ஸில் போனோம். அவளுக்கு மூச்சுத் திணறியது. நெஞ்சில் கிருமி பரவிவிட்டதாகச் சொன்னார்கள். உள்ளே கொண்டுபோனவர்கள் என்னை வெளியே நிறுத்தினார்கள். பிறகு அவள் பேசவேயில்லை. ஒரு மழை நாளில் அவள் உடலைத் தளிக்குக் கொண்டுபோனோம்.

அடுத்த வருஷம் தொடர் வந்தது. பார்க்க வேண்டாம் என்று அவள் சொன்னது ஞாபகம் இருந்தது. ஆனாலும் எனக்கு அந்த இரண்டு பேரையும் பார்க்க வேண்டும்போல் இருந்தது. அவள் குரலிலேயே எனக்குத் தெரிந்த இரண்டு பேர் அவர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்பைத் திறந்தேன்.

நன்றாக எடுத்திருந்தார்கள். மலை, நிலையம், ரேடியோ, விதைப் பை எல்லாம் அவள் சொன்ன மாதிரியே இருந்தன. மூன்றாவது எபிசோடில் ரயில் நிலையம் வந்தது. அவன் தண்ணீரோடு திரும்பினான். அவள் கண் திறக்கவில்லை. விடிந்தது. விடிந்தும் திறக்கவில்லை. அவன் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் குழி தோண்டினான்.

"இது இல்ல. இப்படி இல்ல" என்று நான் கத்தினேன். வீட்டில் நான் மட்டும்தான் இருந்தேன். அவர்கள் மேல் எனக்கு வந்த ஆத்திரத்தை என்னவென்று சொல்வது? அவள் ஒவ்வொரு படத்துக்கும் பட்ட கோபமெல்லாம் எனக்கு ஒரே நேரத்தில் வந்தது. காய்ச்சல் விட்டு எழுந்தவளை எதற்காகக் கொன்றார்கள்? வேறு யாராவது திட்டியிருக்கிறார்களா என்று போனில் தேடினேன். யாரும் திட்டவில்லை. நாவலை ஒரு இடத்தில்கூட மாற்றாமல் அப்படியே எடுத்திருக்கிறார்கள் என்று எல்லோரும் பாராட்டியிருந்தார்கள்.

அலமாரியிலிருந்து அந்தப் புத்தகத்தை எடுத்தேன். ரயில் நிலையம் என்ற ஆங்கிலச் சொல் எனக்குத் தெரியும். அது எங்கே வருகிறது என்று பக்கம் பக்கமாகத் தேடினேன். கிடைத்ததும் போனில் படம் பிடித்துத் தமிழாக்கிப் பார்த்தேன். போன் தப்பும் தவறுமாகத்தான் தமிழாக்கியது. ஆனால் அவள் இறந்துவிட்டாள் என்பதை மட்டும் தப்பில்லாமல் சொன்னது. அதற்குப் பிறகு பாதிப் புத்தகம் மிச்சமிருந்தது. அதில் எங்கேயும் அவள் இல்லை. அவன் மட்டும் நடந்துகொண்டே இருந்தான். பள்ளத்தாக்கு இல்லை, சண்டை இல்லை, நாய் இல்லை, அவரைப் பந்தல் இல்லை.

புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டேன். அத்திப்பள்ளியில் ஜன்னல் பக்கம் திரும்பி அவள் யோசித்தது எதை என்று அப்போது புரிந்தது. அன்றைக்கு அவளுக்குத் தன் உடம்பைப் பற்றித் தெரிந்திருந்தது. டாக்டர் என்னிடம் சொன்னதைவிட அவளிடம் அதிகம் சொல்லியிருக்க வேண்டும். என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் அந்த மனைவியை எழுப்பி உட்கார வைத்திருக்கிறாள்.

அடுத்த வாரம் தளிக்குப் போனேன். மாமனார் வீட்டில் முட்டைக்கோஸ் அறுப்பு நடந்துகொண்டிருந்தது. மச்சினி வந்திருந்தாள். அவளும் அக்கா மாதிரியே படிக்கிறவள். தோட்டத்து வரப்பில் உட்கார்ந்து கேட்டேன்.

"உங்க அக்கா டேப் ஒட்டி வெச்சிருந்த புத்தகத்துல, அந்தப் பொண்டாட்டி என்ன ஆவுறா?"

"செத்துப் போயிடுவா பாவா. நான் சின்னவளா இருந்தப்ப அக்கா சொல்லிச்சு. நான் அழுதுட்டேன். சாவாம மாத்திச் சொல்லுன்னு கேட்டேன், சொல்லவே மாட்டேன்னுடுச்சு. ஏன் கேக்கறீங்க?"

"எனக்கு அப்படிச் சொல்லல. பொழச்சுக்கிட்டான்னு சொன்னா."

மச்சினி கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தாள். பிறகு, "அக்காவா?" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஹேளி பாவா, சொல்லுங்க. அப்புறம் என்ன சொல்லிச்சு?" என்றாள்.

சொன்னேன். பள்ளத்தாக்கு, கோதுமைக்கும் அவரைக்கும் நடந்த சண்டை, கோணல் மீசை. ஒவ்வொன்றாகச் சொல்லும்போதுதான் எவ்வளவு போய்விட்டது என்று தெரிந்தது. நாய்க்கு ஒரு பெயர் வைத்திருந்தாள். நினைவில்லை. ஒரு குளிர்காலம் முழுக்க அவர்கள் எதையோ கட்டினார்கள். அது வீடா, அணையா, நினைவில்லை. பஸ் இரைச்சலில் சில வாரம் பாதிதான் காதில் விழுந்திருந்தது. போய்ப் பார்க்க அதற்கு ஒரு புத்தகம் இல்லை. கேட்டவன் நான் ஒருவன்தான்.

"ஆமேலே?" என்று மச்சினி கேட்டுக்கொண்டே இருந்தாள். அப்புறம், அப்புறம் என்று. மேட்டுக்கு அந்தப் பக்கத்தில் கேட்ட குரல்வரை வந்து நின்றேன்.

"யாரு அது?"

"தெரியல. சொல்லல."

"நீங்களே சொல்லுங்க பாவா. சும்மா, தோணுறதச் சொல்லுங்க."

யோசித்துப் பார்த்தேன். ஒரு கிழவன் என்று ஆரம்பித்தேன். வாயில் வந்ததும் அது பொய்யாகிவிட்டது. பெண் என்றேன். அதுவும் சரியில்லை. "எனக்கு வரல மா" என்றேன். அவள் தலையாட்டினாள், கத்தியை எடுத்துக்கொண்டாள். வண்டி வந்துவிட்டது என்று மாமனார் சாலையிலிருந்து கூப்பிட்டார். நான் எழுந்து போய் முட்டைக்கோஸ் மூட்டையின் ஒரு முனையைப் பிடித்தேன்.