தாம்போதியில் ஒரு வள்ளக்காரர்

கடலுக்குக் குறுக்கே போகும் மன்னார்த் தாம்போதியில் சோளகக் காற்று எங்கள் வானைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. கூரையில் திருவிழாவில் ஆட்கள் அமர்வதற்கான கதிரைகள் உயரமாக அடுக்கிக் கட்டப்பட்டிருக்கின்றன. மீன்பிடியை விட்டு வான் ஓட்ட வந்த சாரதியோ ஒற்றைக் கையால் ஓட்டுகிறார்.

"மெதுவாப் போங்கோ!" என்று கத்துகிறேன்.

"இந்தக் காத்திலை வள்ளமே ஓட்டினனான். வான் என்ன பெரிசே?"

எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. "கடலிலை விலகினால் வெறும் தண்ணி. இஞ்சை சனம் போகுது!"

அவர் காதில் வாங்காமல் ஒரு பஸ்சை முந்துகிறார். பஸ்சின் மறைவில் காற்று அடங்குகிறது. அதைத் தாண்டியதும் ஓங்கி அறைகிறது. வான் வலப்பக்கம் பாய்கிறது. எதிரே சைக்கிளில் வந்த பெண் விலகப்போய்த் தெருவோரம் விழுகிறாள்.

வானை நிறுத்திவிட்டு இறங்கியவர் முதலில் கூரையைத்தான் பார்க்கிறார்.

"ஒண்டும் விழேல்லை," என்று என்னிடம் சிரிக்கிறார்.

அந்தப் பெண் இன்னும் எழும்பவில்லை.