வெறுங்கையோடு வந்த மேரியக்கா

எழுபதுகளில் நாங்கள் மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்தோம். ஏழு வயது மகள் செல்விக்கு ரத்தப் புற்றுநோய் என்று பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஊசி போட்டும் காய்ச்சல் விடவில்லை. யார் எதைச் சொன்னாலும் கொடுத்தோம். கிளியனூர் வைத்தியரின் சூரணம், பச்சிலைச் சாறு எல்லாவற்றையும் வாந்தி எடுத்தாள். நான் தூங்கிப் பல நாளாகியிருந்தது.

ஒரு மத்தியானம் அடுத்த தெரு மேரியக்கா வெறுங்கையோடு வந்தார்.

"நீங்க என்ன மருந்து சொல்லப் போறீங்கக்கா?" என்று சலிப்போடு கேட்டேன்.

"மருந்தெல்லாம் இல்லம்மா. நீ கொஞ்ச நேரம் படு, புள்ளைய நான் பாத்துக்குறேன்."

படுத்ததும் தூங்கிப்போனேன். செல்வியின் சிரிப்புச் சத்தம் கேட்டுத்தான் எழுந்தேன். அக்கா மடியில் படுத்துக் கதை கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்கு சாறு வேணாம்மா," என்றாள்.

"வேணாம்டி," என்றேன்.

அந்த மழைக்காலத்தில் செல்வி போய்விட்டாள். இப்போதும் நோயாளிப் பிள்ளை இருக்கும் வீட்டுக்குப் போனால் நான் வைத்தியம் சொல்வதில்லை. அந்தத் தாயைக் கொஞ்சம் தூங்கச் சொல்வேன்.