துறை கடத்திவிட்ட பூனை

மைமூனா யாரையும் நம்பமாட்டாள். மீன்காரன் தராசைத் தூக்கினால் தட்டின் அடியைத் தடவிப் பார்ப்பாள். அடுத்த வீட்டு ஸாலிஹா ஒரு கோப்பை கறி கொடுத்தனுப்பினால், இன்றைக்கு என்ன திடீர்ப் பாசம் என்று கேட்டுவிட்டுத்தான் மூடியைத் திறப்பாள். குறிஞ்சாக்கேணியில் அவளுக்குப் பட்டப்பெயரே 'சீஐடி மைமூனா'. அது அவளுக்கும் தெரியும். யார் வைத்த பெயர் என்பதையும் கண்டுபிடித்து வைத்திருந்தாள்.

சும்மா வந்த குணமில்லை அது. மகள் ஸல்ஹா தவழ்கிற வயதில், புருஷன் ஆதம்பாவா கந்தளாய்க்கு நெல் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத் துறையில் பாதை ஏறினான். பாதை என்றால் தெருவல்ல. ஆட்களையும் வண்டி மாடுகளையும் ஏற்றி, கயிறு பிடித்து இழுத்து அக்கரைக்குக் கொண்டுபோகிற மிதவை. போனவன் போனவன்தான். அங்கே இன்னொருத்தியோடு குடும்பம் நடத்துகிறான் என்று பிறகு ஊரே சொன்னது. புறப்பட்ட அன்றைக்கே அவன் முகம் சரியில்லை என்று அவளுக்குப் பட்டதுதான். ஆனாலும் ஆம்பிளைகள் நிற்கிற துறைக்குப் பொம்பிளை போய்க் கூப்பிடுவதா என்று கதவுக்குப் பின்னாலேயே நின்றுவிட்டாள். அதற்காக இன்றும் தன்னைத்தானே திட்டிக்கொள்வாள்.

பாய் இழைத்தே மகளை வளர்த்தாள், வீடும் கட்டினாள், அந்த வீட்டுக்கே மாப்பிள்ளையும் எடுத்தாள். மாப்பிள்ளை அஸீம் திருகோணமலைப் பட்டினத்துப் பிள்ளை. சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கிகளுக்குப் பெயின்ற் அடிக்கிற வேலை. தினமும் பாதை ஏறிப் போக வேண்டியவன். அது ஒன்று போதாதா மைமூனாவுக்கு? கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருந்தாள். மாமியும் மருமகனும் முகத்துக்கு நேரே கதைக்கிற வழக்கம் அந்த ஊர் வீடுகளில் கிடையாது. அதனால் அவள் கேட்க வேண்டியதையெல்லாம் கதவுக்குப் பின்னால் நின்று மகளிடம் கேட்பாள், மருமகன் காதில் விழுகிற மாதிரி. அவனும் பதிலை மனைவியிடம் சொல்லுவான். இப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது.

ஸல்ஹாவுக்குப் பெண்குழந்தை பிறந்தது. நாற்பது நாள் கழியாத பச்சை உடம்பு. பால் சுரக்கட்டும் என்று மைமூனா பால்சுறா மீன் தேடி வாங்கி உதிர்த்து வறுத்து, வறை செய்து வைத்தால், எங்கிருந்தோ ஒரு புள்ளிப் பூனை வந்து சட்டியைக் கவிழ்த்துத் தின்றுவிட்டுப் போனது. ஒருமுறையா, இருமுறையா! மைமூனா பொறுப்பாளா? கள்ளப் பூனையைச் சாக்கில் கட்டி அக்கரையில் விடுவதுதான் அந்த ஊர் வழக்கம். நடுவில் தண்ணீர் இருந்தால் பூனைக்கு வழி தெரியாதாம். அஸீம் வேலைக்குப் போகிற வழியில் சாக்கைக் கொண்டுபோய் அவிழ்த்துவிட்டு வந்தான்.

அன்று மாலையே குசினிப் பரணில், அடுப்பு விறகுக் கட்டுக்குள்ளிருந்து அழுகை தொடங்கியது. எட்டிப் பார்த்தால், உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு குட்டி. அம்மாடி, என்ன தொண்டை அதற்கு!

"ஸாலிஹாட வேலதான். வேலிக்கு மேலால எறிஞ்சிரிக்கிறா. எங்கட புள்ளயப் பாத்து எரிச்சல்."

"உனக்கு விசரா மைமூனா? எனக்கு வேற வேலயில்லையா?" என்று வேலிக்கு அப்பால் ஸாலிஹா கத்தினாள்.

பசுப்பாலைத் துணியில் நனைத்துக் கொடுத்தார்கள். நக்கிவிட்டுக் கத்தியது. ஓலைக் கடகத்தைக் கவிழ்த்து மூடினாள் மைமூனா, கடகத்துக்குள்ளிருந்து கத்தியது. யாரோ ஏதோ செய்துவைத்துவிட்டார்கள் என்று பள்ளிவாசல் லெவ்வையிடம் தண்ணீர் ஓதி வாங்கித் தெளித்தாள். நனைந்த குளிரில் இன்னும் பலமாகக் கத்தியது. கடைசியில் ஸல்ஹாதான் அதை வாங்கித் துடைத்து, தனக்கு ஒத்தடம் கொடுத்த சுடுமணல் பொட்டலத்தின் பக்கத்தில் பழஞ்சீலைக்குள் வைத்தாள். கத்தல் நின்றது. மணல் ஆறியதும் மறுபடி தொடங்கியது.

"உம்மா, இது தாயத் தேடுது. நாமதானே தாய அக்கரைக்குக் கடத்திவிட்ட?"

"கள்ளப் பூனைக்குப் புள்ள ஒரு கேடு!"

"அதுக்கும் பால் சுரக்க வேணுந்தானே உம்மா. அதுக்குத்தான் சுறாவத் தேடி வந்திரிக்கி."

முன்னறையில் சோறு தின்றுகொண்டிருந்த அஸீமின் காதிலும் அது விழுந்தது.

அதற்குப் பிறகுதான் அவன் பிந்தி வரத் தொடங்கினான். வேலை விட்டு முதல் பாதையில் வருகிறவன் கடைசிப் பாதையில் வந்தான். மைமூனாவுக்கு மூக்கில் வியர்த்தது. தோய்க்கப்போட்ட சட்டையை எடுத்து மோந்து பார்த்தாள். பெயின்ற் மணக்க வேண்டிய சட்டை பொரித்த மீன் மணத்தது! எவள் பொரித்துக் கொடுக்கிறாள் இவனுக்கு? மறுநாள் மணிக்கட்டில் நீளமாக ஒரு கீறல். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? தனக்கு நடந்தது மகளுக்கும் நடக்கப்போகிறது என்று அவள் முடிவே கட்டிவிட்டாள். மகளுக்கு வெந்நீர் வார்க்கிறபோதும் அதே கதை, சோறு கொடுக்கிறபோதும் அதே கதை. குட்டி ஒருபக்கம் ஓயாமல் கத்த, உம்மா ஒருபக்கம் ஓத, ஸல்ஹாவும் கலங்கிப் போனாள்.

அன்று அவன் வந்தபோது கையில் ஒரு சாக்கு இருந்தது. அதை யார் கவனித்தார்கள்?

"கையில என்ன கீறல் எண்டு கேளு புள்ள," என்று கதவுக்குப் பின்னாலிருந்து வந்தது குரல். "எவள்ட நகம் எண்டு கேளு!"

ஸல்ஹா அழுதுகொண்டே கேட்டாள். "சொல்லுங்க. எங்க போய் வாறீங்க?"

அஸீம் மனைவியைப் பார்த்தான். "நீங்களுமா?" என்றான். சாக்கைக் குசினி வாசலில் வைத்தான். கொடியில் கிடந்த இரண்டு சட்டைகளை உருவித் தோளில் போட்டுக்கொண்டு வந்த வழியே நடந்துவிட்டான்.

"பாத்தியா? குட்டு உடைஞ்சதும் போறாரு," என்று வெளியே வந்தாள் மைமூனா. சாக்கு அசைந்தது. அவள் ஓர் எட்டுப் பின்னால் போனாள். வாயைக் கட்டியிருந்த கயிற்றைப் பயந்து பயந்து அவிழ்த்தாள். புள்ளிப் பூனை! மெலிந்து, ஒரு காது கிழிந்து. சாக்கின் அடியில் பொரித்த மீன் துண்டுகள் கிடந்தன. பூனை அவளைத் திரும்பியும் பார்க்கவில்லை. நேரே குட்டி கிடந்த பழஞ்சீலைக்குள் போய்ப் படுத்தது. கத்தல் நின்றது.

வீடே அமைதியானது. அந்த அமைதியில் பேத்தி சிணுங்கினாள்.

மைமூனா முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு ஓடினாள். ஸாலிஹா வேலியில் நின்று "எங்க போறாய்?" என்று கேட்டதற்கும் பதில் சொல்லவில்லை. துறையில் அக்கரைக்குத் திரும்புகிற கடைசிப் பாதை புறப்படுகிறது. பாதையின் ஓரக் கம்பிக்குப் பக்கத்தில் அஸீம் அக்கரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். சுற்றி முழுக்க ஆம்பிளைகள்.

"அஸீம்!"

அத்தனை தலையும் திரும்பியது. வெட்கத்தை விழுங்கிக்கொண்டு அவன் முகத்தை நேரே பார்த்தாள்.

"பூனைக்குட்டி அழுகைய நிப்பாட்டிட்டுது, மகன். இப்ப உங்கட புள்ளதான் அழுறா. வாங்க."

கயிறு இழுத்தவர்கள் கையை நிறுத்தினார்கள். அஸீம் முழங்காலளவு தண்ணீரில் இறங்கிக் கரைக்கு நடந்து வந்தான்.

இருவரும் பாதித் தூரம் வந்திருப்பார்கள். மைமூனாவுக்கு அதற்குமேல் ஏலாமல் போயிற்று.

"அந்தப் பொரிச்ச மீன் எந்தக் கடையில வாங்கின?"

அஸீம் சிரித்துவிட்டான். "நாற்பது முடியட்டும், கூட்டிட்டுப் போய்க் காட்டுறன் மாமி."

பார்த்தாளா என்று கேட்கிறீர்களா? பாதை ஏறிப் போய், கடைக்காரனிடம் இரண்டு முறை விசாரித்துவிட்டுத்தான் நம்பினாள். திரும்பும்போது கையில் ஒரு பொரித்த மீன் பொட்டலம் இருந்தது. பூனைக்கு.