தம்பிக்குத் தெரியாமல்

ராயபுரத்தில் ஒரு தேவாலயத்துப் பள்ளிக்கூடம். அதன் மூன்றாம் வகுப்பு அறையில், குழந்தைகளுக்கான குட்டை பெஞ்சில் முழங்கால் இடிக்க நான் உட்கார்ந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையில்தான் என் தம்பி முதன்முறையாக என்னை நாலு பேர் முன்னால் புகழ்ந்தான். குடியை விட்டவர்கள் வாராவாரம் கூடும் கூட்டம் அது. குடும்பத்தாரும் வரலாம். அன்றைக்கு அவன் குடிக்காமல் ஒரு வருடம் முடித்திருந்தான். கரும்பலகையில் யாரோ அழிக்காமல் விட்டுப்போன ஏழாம் வாய்ப்பாட்டுக்கு முன்னால் நின்றுகொண்டு சொன்னான்: "எங்கக்கா என்னை வுட்டுச்சு. அதான் நான் பொழச்சேன். முன்னல்லாம் வூட்டுக்குள்ள வந்தா வாய மோந்து பாக்கும், பாக்கெட்ட தடவும், என் பின்னாடியே கடை வரிக்கும் வரும். ஆஸ்பத்திரிலேர்ந்து வந்தப்புறம் ஒரு வார்த்தை கேக்கல. மேல கீறவன் கைல குடுத்துட்டு சும்மா இருந்துச்சு. அது எத்தினி கஷ்டம்னு இங்க கீற பொம்பளைங்களுக்குத் தெரியும்." எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். பக்கத்திலிருந்த ஓர் அம்மாள் என் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நானும் தலையைக் குனிந்து அந்த மரியாதையை வாங்கிக்கொண்டேன். அன்று காலையிலும் அவனுடைய சாம்பாரில் பொடியைக் கலந்துவிட்டுத்தான் வந்திருந்தேன்.

அந்தப் பொடியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். டோல்கேட்டில் பஸ்ஸுக்கு நிற்கும் இடத்துச் சுவரில் நோட்டீஸ் ஒட்டியிருப்பார்கள், குடிப்பவருக்குத் தெரியாமலே குடியை நிறுத்தலாம் என்று. திருவொற்றியூரில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் எனக்கு வேலை. போகவும் வரவும் அந்தச் சுவரைப் பல வருடம் பார்த்திருக்கிறேன், படித்தவள் என்ற திமிரில் சிரித்திருக்கிறேன். என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் வேட்டி அவிழ விழுந்தவன் என் தம்பி. அதற்குப் பிறகு யாரும் பார்க்க வரவில்லை. அம்மா போனபிறகு வீட்டில் நாங்கள் இரண்டே பேர். அவன் குடிப்பான், நான் காவல் காப்பேன். கடைசியில் கண்ணெல்லாம் மஞ்சளாகி ஆஸ்பத்திரியில் பதினைந்து நாள் கிடந்தான். இனி ஒரு சொட்டு உள்ளே போனாலும் பொறுப்பில்லை என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். அந்தச் சாயங்காலமே வண்ணாரப்பேட்டையில் ஒரு நாட்டு மருந்துக் கடைக்குப் போய் நின்றேன். "தெனம் ரெண்டு வேளை கொழம்புல ஒரு சிட்டிகை போடும்மா. இது உள்ள கீறப்போ ஒரு மூடி ஊத்தினா கூட கொடலே வெளிய வந்துரும். அப்பால பாட்டிலப் பாத்தாலே ஓடுவான்," என்றார் கடைக்காரர். பொடியைக் காலியான பெருங்காய டப்பாவில் கொட்டி, மிளகாய்த்தூளுக்குப் பின்னால் வைத்தேன். தம்பி சமையலறைக்குள் எட்டிப் பார்க்கிற ஆள் இல்லை.

அதே வாரம்தான் அவன் கூட்டத்துக்கும் போக ஆரம்பித்தான். அழைத்துப்போனவர் தண்டையார்பேட்டையில் தார்ப்பாய்க் கடை வைத்திருக்கும் பாய். அவரும் ஒரு காலத்தில் மொடாக்குடியர். அந்தக் கூட்டத்தில் அவரவருக்கு அவரவர் கடவுள். என்னால் முடியாது, நீ பார்த்துக்கொள் என்று காலையில் அந்தக் கடவுளிடம் ஒப்படைத்துவிட்டு அன்றைய பொழுதைக் கழிக்க வேண்டும், அவ்வளவுதான் பயிற்சி. லாரி ஓட்டும் தம்பி அதைத் தன் வண்டியை வைத்துப் புரிந்துகொண்டான். எண்ணூர் சாலையில் துறைமுக கேட்டுக்குப் போகும் கன்டெய்னர் லாரி வரிசை மணிக்கணக்கில் நகராது. முன்பெல்லாம் அந்த வரிசையில் நிற்கும்போதுதான் குடிப்பான். "ஹாரன் அட்ச்சா இன்னா, அடிக்காட்டி இன்னா. முன்னாடி வண்டி போனாத்தான் நம்ம வண்டி போவும். அத்த ஒத்துக்கினா பேஜாரே இல்லக்கா," என்பான். தினமும் வாசலில் நின்று இரண்டு கையையும் விரித்து ஒரு நிமிடம் கண்ணை மூடுவான். பிறகு நான் கட்டிக்கொடுத்த கேரியரை எடுத்துக்கொண்டு கிளம்புவான்.

நான் பாக்கெட்டைத் தடவுவதை விட்டது உண்மைதான். தடவ வேண்டிய அவசியம் இல்லாமல் போனது. குடித்தால் தெரிந்துவிடும் என்ற தைரியத்தில், இருபது வருடத்துக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினேன். விட்டுவிடுங்கள், பிடியைத் தளர்த்துங்கள் என்று கூட்டத்தில் பெண்களுக்குச் சொல்லும்போது மற்றவர்கள் அழுவார்கள். நான் மட்டும் பாடத்தை முன்கூட்டியே படித்த மாணவி மாதிரி உட்கார்ந்திருப்பேன். ஆனால் அவன் வாய்க்கு வாய் கடவுளைச் சொல்லும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அடுப்பில் நிற்பவள் நான், நல்ல பெயர் கடவுளுக்கா என்று தோன்றும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குக் கடவுள் மேல் பொறாமை.

இன்னும் இரண்டு மாதம் போயிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டே சொன்னான், அத்திப்பட்டில் அனல்மின் நிலையத்துச் சாம்பல் லாரி ஓட்டக் கூப்பிடுகிறார்கள், அங்கேயே ரூம் பார்த்துவிட்டேன் என்று. "சாப்பாட்டுக்கு இன்னா பண்ணுவ?" என்றேன். "நானே ஆக்கிக்கிறேன்கா. எத்தினி நாளைக்கு நீ எனக்கு வடிச்சுக் கொட்டுவ?" தினமும் கேரியர் கொடுத்தனுப்புகிறேன் என்றேன். சிரித்தான். போகக்கூடாது என்றேன். உனக்கு உடம்பு சரியில்லை, எனக்கு உடம்பு சரியில்லை, ஒண்டியாக இருக்கப் பயமாக இருக்கிறது என்று வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். "இன்னாத்துக்குப் பயப்படற? என்னை மேல கீறவன் பாத்துக்குவான். நீதான் என்னை எப்பவோ வுட்டுட்டியே," என்று அன்பாகத்தான் சொன்னான். அந்த அன்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. எழுந்துபோய்ப் பெருங்காய டப்பாவைக் கொண்டுவந்து அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். "உன்னைப் பாத்துக்கினது மேல கீறவன் இல்ல. இதான்," என்றேன்.

அவன் டப்பாவைத் திறந்து பார்த்தான். "எத்தினி நாளா?" என்று கேட்டான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து என்றேன். "டீலயுமா?" "இல்ல. சாம்பார்ல, ரசத்துல." தலையை ஆட்டிக்கொண்டான். எழுந்துவிடுவான் என்று நினைத்தேன். எழவில்லை. தட்டில் இருந்த ரசம் சோற்றை ஒரு பருக்கை விடாமல் வழித்துச் சாப்பிட்டுவிட்டு, கையைக் கழுவி, சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனான்.

மூன்று மணி இருக்கும், ஒரு குவார்ட்டர் பாட்டிலோடு திரும்பி வந்தான். என் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து மூடியைத் திருகினான். "நீ சொல்றது நெசமான்னு பாத்துடலாங்கா," என்றான். நான் பாட்டிலைத் தட்டிவிட்டிருக்கலாம். கையெட்டும் தூரத்தில்தான் இருந்தது. டாக்டர் சொன்னதும் மறந்துவிடவில்லை. ஆனால் அன்றைக்கு எனக்கு அவன் உயிரைவிட நான் சொன்னது நிஜமாவது பெரிதாக இருந்தது. எழுந்துபோய் நீல பக்கெட்டையும் துண்டையும் எடுத்துவந்து அவன் பக்கத்தில் வைத்தேன். அவன் குடித்தான். இரண்டு பேரும் காத்திருந்தோம். சுவர்க் கடிகாரம் மூன்றரை காட்டியது, நான்கு காட்டியது. என் வாழ்க்கையில் அவ்வளவு உருகி நான் எதையும் வேண்டிக்கொண்டதில்லை. ஆண்டவா, இவன் வாந்தி எடுக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். நாலேகாலுக்கு ஓர் ஏப்பம் விட்டான். பக்கெட் காலியாகவே இருந்தது.

"ஒண்ணியும் ஆவலக்கா," என்றான். காலி பாட்டிலைத் தள்ளி வைத்தவன், "அப்ப இத்தினி நாளு நெசமாவே அவன்தான் பாத்துக்கினு இருந்துகீறான்," என்றான். அழுகிறானா சிரிக்கிறானா என்று தெரியவில்லை. பதினான்கு மாதம் அந்தச் சாம்பாரில் நான் போட்டது வெறும் மண். வரிசையில் பொறுமையாக நின்றது அவன், வாசலில் கையை விரித்தது அவன். அது தெரியவந்தபோது அவன் வயிற்றில் ஒரு குவார்ட்டர் இருந்தது. ஒரு மணி நேரம் முன்னால் அவனை அணைத்துக்கொண்டு டப்பாவைக் குப்பையில் கொட்டியிருந்தால்கூடப் போதும். இருட்டுவதற்குள் இரண்டாவது பாட்டிலுக்குப் போய்விட்டான்.

எட்டு மாதம் குடித்தான். லாரி போயிற்று, பல் இரண்டு போயிற்று, ஒருமுறை எண்ணூர் சாலையோரம் கிடந்தவனைப் பாய்தான் ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். எனக்குத் தகவல் சொல்ல வந்தபோது, "நல்லா இருந்த மனுசன், இன்னா ஆச்சுன்னே தெரியலம்மா. கேட்டா என் தப்புதான் பாய்ங்கறான். நீங்க மனசத் தளர வுடாதீங்க, நீங்க இத்தினி நாளு இருந்தமாரியே இருங்க," என்றார். தம்பி என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நானும் உண்மையைச் சொல்லாமல், எல்லாம் அவன் விட்ட வழி பாய் என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அந்தக் கூட்டத்தில் இன்றைக்கும் எனக்கு நல்ல பெயர். ஆறுதல் சொல்லத் தெரிந்தவள் என்று புதிதாக வரும் பெண்களை என் பக்கத்தில்தான் உட்கார வைக்கிறார்கள்.

இதெல்லாம் நடந்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. அவன் இப்போது அத்திப்பட்டில் இருக்கிறான், மறுபடி குடியை விட்டுவிட்டான் என்று பாய் சொல்கிறார். போன மாதம் ஒரு காலையில் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றான். இளைத்திருந்தான், தலை நன்றாக நரைத்துவிட்டது. தன்னால் நொந்தவர்களிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்பது அவர்கள் பயிற்சியில் ஒரு பகுதி. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துப் படித்தான். என்னைப் பெண் பார்க்க வந்த அன்று விழுந்தது. அம்மாவுக்குக் கொள்ளி வைக்க நிதானமில்லாமல் வந்தது. என் மணிக்கட்டை முறுக்கி ஒடித்தது. இருபது வருடம் நான் கேட்கக் காத்திருந்த வார்த்தைகள். கேட்கும்போது ஒன்றும் தோன்றவில்லை. கடைசி வரியை மட்டும் காகிதத்தைப் பார்க்காமல் சொன்னான்: "அன்னிக்கு உன் எதிர்ல குந்திக்கினு குட்ச்சேனே, அதுக்கும் மன்னிச்சுடுக்கா."

காகிதத்தை மடித்துப் பையில் வைத்தான். போகாமல் அங்கேயே நின்றான். எதற்காக நிற்கிறான் என்று எனக்குத் தெரியும். நான் சொல்லவேண்டியது ஒரே ஒரு வாக்கியம், தனியாக இருக்கும்போது எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தது.

"சாப்ட்டியா?" என்று கேட்டேன்.

"ஆச்சுக்கா," என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டான்.